விண்டோஸை அழிக்காமல் பிராசஸரை மாற்றுவது எப்படி?

பார்ட்ஸ் கடையில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: "பிராசஸர் மாத்தினா விண்டோஸையும் புதுசா போட்டுடணும் சார்." எக்ஸ்பி காலத்தில் இதில் உண்மை இருந்தது. இன்ஸ்டால் செய்யும் நேரத்தில் எந்த வகை பிராசஸர் இருந்ததோ, அதற்கான ஃபைல்களைத்தான் எக்ஸ்பி எடுத்து வைத்துக்கொள்ளும். இன்றைய விண்டோஸ் 10, 11 அப்படி இல்லை. இன்டெல், ஏஎம்டி இரண்டுக்குமான பிராசஸர் டிரைவர்கள் முதலிலிருந்தே உள்ளே இருக்கின்றன. எந்த பிராசஸர், எத்தனை கோர் என்பதை ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் புதிதாகப் பார்த்துக்கொள்கிறது.

அப்படியானால் மாற்றியதும் பலருக்கு நீலத்திரை ஏன் வருகிறது? பெரும்பாலும் இரண்டே காரணங்கள். விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் சாஃப்ட்வேரான பயாஸின் செட்டிங்குகள் ஃபேக்டரி நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. ரகசியச் சாவிகளைக் காக்கும் பகுதியான டிபிஎம்மில் இருந்தவை போய்விடுகின்றன. இரண்டையும் முன்கூட்டியே கவனித்துவிட்டால் பழைய டெஸ்க்டாப், பழைய ஃபைல்கள், பழைய வால்பேப்பரோடு மெஷின் எழுந்து வரும். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதால், இந்தக் கட்டுரையிலும் அந்தப் பகுதிதான் நீளம்.

இங்கே சொல்வதெல்லாம் மதர்போர்டு அப்படியே இருக்க, பிராசஸர் மட்டும் மாறும் டெஸ்க்டாப்புக்கு. போர்டும் மாறினால் ஆக்டிவேஷன், டிரைவர் என்று வேலை வேறு மாதிரி போகும். லேப்டாப்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இப்போது வரும் லேப்டாப்புகளில் பிராசஸர் போர்டோடு சோல்டர் செய்யப்பட்டிருக்கும்.

உங்கள் போர்டில் எது உட்காரும்?

ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறங்கள். 'பேஸ்போர்டு ப்ராடக்ட்' என்ற வரியில் போர்டின் மாடல் இருக்கும். பயாஸ் வெர்ஷன், தேதி, 'பயாஸ் மோடு' என மற்ற மூன்று விவரங்களும் அதே பக்கத்தில் இருக்கும். பயாஸ் மோடில் யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்று இருக்கிறதா, லெகஸி (பழைய முறை) என்று இருக்கிறதா என்பது பிறகு தேவைப்படும். மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, போர்டு தயாரிப்பாளரின் சைட்டில் அந்த மாடலின் சப்போர்ட் பக்கத்துக்குப் போங்கள். பொருந்தும் பிராசஸர்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இந்த பயாஸ் வெர்ஷனிலிருந்து' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். உங்கள் பயாஸ் அதைவிடப் பழையது என்றால் அப்டேட் கட்டாயம்.

போர்டில் பிராசஸர் உட்காரும் இடமான சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. இன்டெல்லின் எல்ஜிஏ1151 சாக்கெட்டில் 6, 7-ஆம் தலைமுறை ஒரு கூட்டம்; 8, 9-ஆம் தலைமுறை இன்னொரு கூட்டம். சாக்கெட்டில் உட்காரும், ஆனால் ஓடாது. எல்ஜிஏ1200-இல் 10, 11 இரண்டும் உண்டு. ஆனால் எச்410, பி460 சிப்செட் போர்டுகள் 11-ஆம் தலைமுறையை ஏற்காது. எல்ஜிஏ1700 கொஞ்சம் நிம்மதி, 12 முதல் 14 வரை போகும். ஏஎம்டி பக்கம் ஏஎம்4 தாராளமானது. பி450 போர்டில் முதல் தலைமுறை ரைசன் வைத்திருப்பவர்கூட, பயாஸ் அப்டேட் செய்துவிட்டு ரைசன் 5 5600 வரையோ 5800எக்ஸ்3டி வரையோ போகலாம். 2022-இல் வந்த ஏஎம்5-க்கு பழைய ஏஎம்4 பிராசஸர்கள் பொருந்தாது.

பெயரின் கடைசி எழுத்தையும் பாருங்கள். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ஏஎம்4 ரைசன்களில் 'ஜி' இருந்தால்தான் கிராஃபிக்ஸ் உண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் ஐ5-12400எஃப் போட்டுவிட்டு, டிஸ்ப்ளே வரவில்லை, போர்டு போய்விட்டது என்று பதறுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது

பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எஸ்.பி. ரோடு என்றால் சதர் பத்ரப்பா ரோடு. கே.ஆர். மார்க்கெட் அல்லது சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். காரில் போனால் பார்க்கிங்குக்கு அலைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. கன்னடம், இந்தி, தமிழ் எதில் கேட்டாலும் பதில் கிடைக்கும். ஒரே கடையில் முடிவெடுக்காமல் மூன்று கடையில் விலை கேளுங்கள், ஒவ்வொரு முறையும் ஜிஎஸ்டி பில்லோடு எவ்வளவு என்றே கேளுங்கள். பில் இல்லாத விலை குறைவாகத்தான் தெரியும். பிராசஸருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்.

'பாக்ஸ் பீஸா, ட்ரே பீஸா?' என்பது அடுத்த கேள்வி. சீல் போட்ட பாக்ஸில் வருவதற்கு இன்டெல், ஏஎம்டி இரண்டுமே மூன்று வருட வாரண்டி தருகின்றன. ட்ரே பீஸ் என்றால் வெறும் சிப். அதற்கு வாரண்டி கடைக்காரர் சொல்லும் வார்த்தைதான். செகண்ட் ஹேண்டில் வாங்குவது தப்பில்லை, பிராசஸர் சுலபத்தில் கெட்டுப்போகும் பொருளும் இல்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும். கம்பெனி மெஷின்களிலிருந்து கழற்றிய ரைசன் ப்ரோ சிப்புகளில் சில, அந்த மெஷினைத் தயாரித்த பிராண்டின் போர்டோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கும். வேறு போர்டில் உயிர் வராது. கடையிலேயே சாதாரண போர்டில் போட்டு டிஸ்ப்ளே காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் ஐ7, ஐ9. வோல்டேஜ் அதிகமாகப் போய் சிப் பலவீனமாகும் கோளாறு இவற்றில் இருந்தது. 2024-இல் இன்டெல் பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது. திருத்தம் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும், முன்பே பட்ட சேதத்தைச் சரிசெய்யாது. முன்பு எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாத பீஸை நான் வாங்க மாட்டேன்.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கூலர் இரண்டும் புதிய சிப்புக்குத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எச்610 போன்ற எளிய போர்டில் ஐ9 போட்டால் ஓடும், ஆனால் சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். கொடுத்த காசு வீண்.

சாவிகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்

வழியில் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். விண்டோஸ் 11 பல மெஷின்களில் டிரைவை நீங்கள் கேட்காமலேயே பூட்டி வைத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்திருந்தால் அதற்கு வாய்ப்பு அதிகம். செட்டிங்ஸில் 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆன் என்று இருக்கிறதா பாருங்கள். ப்ரோ எடிஷனில் கண்ட்ரோல் பேனலில் 'பிட்லாக்கர்' என்று இருக்கும்.

இந்தப் பூட்டின் சாவி டிபிஎம்மில் இருக்கிறது. ஏஎம்டி மெஷின்களில் அந்த டிபிஎம் பிராசஸருக்கு உள்ளேயே நடக்கும் ஏற்பாடு. சிப்பைக் கழற்றினால் சாவியும் அதோடு போய்விடும். இன்டெல் டெஸ்க்டாப்புகளில் இது சிப்செட் பக்கம் இருப்பதால் பிராசஸர் மாற்றம் மட்டும் அவ்வளவாகப் பாதிக்காது, ஆனால் பயாஸ் அப்டேட் பாதிக்கலாம். எந்த மெஷினாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில், வேறு மொபைலிலோ கம்ப்யூட்டரிலோ லாகின் செய்து, ரெக்கவரி கீயைத் தேடுங்கள். 48 இலக்க எண். பேப்பரில் எழுதுங்கள், அல்லது மொபைலில் போட்டோ எடுங்கள். மாற்றப்போகும் மெஷினின் டெஸ்க்டாப்பில் நோட்பேடில் சேமித்து வைத்தால் எதற்கும் உதவாது. எண் கையில் வந்த பிறகு, ப்ரோ எடிஷனில் 'சஸ்பெண்ட் ப்ரொடெக்ஷன்' கொடுங்கள். வழக்கமாக ஒரு ரீபூட் ஆனதும் அது தானாகவே திரும்ப ஆன் ஆகிவிடும். அதனால் பயாஸ் அப்டேட்டுக்கு ஒருமுறை, பிராசஸர் மாற்றுவதற்கு முன் மறுமுறை கொடுக்க வேண்டும். ஹோம் எடிஷனில் டிவைஸ் என்கிரிப்ஷனையே ஆஃப் செய்துவிடலாம். டிரைவின் அளவைப் பொறுத்து நேரம் எடுக்கும், நடுவில் அணைக்காதீர்கள்.

தினமும் நான்கு இலக்க பின் போட்டுத் திறப்பவர்களுக்கு அக்கவுண்ட் பாஸ்வேர்டு மறந்தே போயிருக்கும். டிபிஎம் மாறினால் அந்த பின் வேலை செய்யாது, பாஸ்வேர்டு கேட்கும். இப்போதே ஒருமுறை பாஸ்வேர்டு போட்டு லாகின் செய்து பார்த்துவிடுங்கள். விண்டோஸ் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டோடு கட்டப்பட்டது என்பதால் பிராசஸர் மாற்றத்தில் பொதுவாகப் போகாது. ஆனாலும் ஆக்டிவேஷன் பக்கத்தில் 'டிஜிட்டல் லைசென்ஸ், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு இணைக்கப்பட்டது' என்ற வரி இருந்தால் நிம்மதி. டேலி மாதிரி மெஷினைப் பார்த்து லைசென்ஸ் தரும் சாஃப்ட்வேர் வைத்திருந்தால் முதலில் லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள். ஆபீஸ் கொடுத்த மெஷினாக இருந்தால் ஐடி டீமைக் கேட்காமல் கேபினெட்டைத் திறக்கவே வேண்டாம்.

பேக்கப் எடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எடுங்கள்.

பயாஸ் அப்டேட், பழைய பிராசஸரோடு

வரிசை முக்கியம். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். புதியதைப் போட்டுவிட்டால், பழைய பயாஸுக்கு அதை யாரென்றே தெரியாது, திரையே வராது. பிராசஸர் இல்லாமலேயே பயாஸ் ஏற்றும் 'ஃப்ளாஷ்பேக்' பட்டன் உள்ள போர்டு என்றால் தப்பிக்கலாம்; விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் அது இருக்காது.

முதலில் இப்போதைய பயாஸ் செட்டிங்குகளைப் பக்கம் பக்கமாக மொபைலில் போட்டோ எடுங்கள். குறிப்பாக நான்கு இடங்கள்: சாட்டா மோடு (டிரைவ் இயங்கும் முறை), இன்டெல்லில் விஎம்டி (டிரைவைக் கையாளும் இன்டெல் வசதி), சிஎஸ்எம் (பழைய லெகஸி முறையில் பூட் செய்ய விடுவது), செக்யூர் பூட் (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் செய்ய விடுவது). விர்ச்சுவலைசேஷன் ஆன் செய்து வைத்திருந்தால் அதையும்.

போர்டின் சப்போர்ட் பக்கத்திலிருந்து பீட்டா அல்லாத பயாஸை இறக்கி, ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்த பென் டிரைவில் போடுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து அப்டேட் செய்யும் சாஃப்ட்வேரும் கிடைக்கும். நான் அதைத் தொடுவதில்லை. பயாஸுக்குள்ளேயே இருக்கும் வழிதான் நல்லது. ஆசூஸில் ஈஸி ஃப்ளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃப்ளாஷ், ஜிகாபைட்டில் கியூ-ஃப்ளாஷ், ஆஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃப்ளாஷ். இறக்குவதற்கு முன் அந்த வெர்ஷனின் குறிப்பைப் படியுங்கள். புதிய சிப்புகளுக்கு இடம் கொடுக்க, சில பயாஸ்கள் மிகப் பழைய சிப்புகளை வெளியே தள்ளிவிடும்.

கரண்ட் விஷயத்தில் பெங்களூரை நம்ப வேண்டாம். ஏப்ரல், மே மாதத்தில் சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்தால் பல ஏரியாக்களில் கரண்ட் போய்விடும். பயாஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் போர்டு செத்ததுக்குச் சமம். யுபிஎஸ்ஸில் போடுங்கள், காலையில் செய்யுங்கள்.

அப்டேட் முடிந்ததும் செட்டிங்குகள் டிஃபால்ட்டுக்குப் போயிருக்கும். போட்டோவைப் பார்த்துப் பழையபடி வையுங்கள். பழைய பிராசஸரோடேயே ஓரிரு நாள் ஓட்டுங்கள் என்பது என் கட்சி. பயாஸால் வந்த பிரச்சினையா, பிராசஸரால் வந்ததா என்று பிறகு குழம்ப வேண்டியிருக்காது.

கழற்றி மாட்டுவது

ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரண ஷட் டவுனில் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் போகிறது, பழைய நிலையை டிரைவில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஷிஃப்ட் பிடித்தால் முழுதாக அணையும். பிறகு பிளக்கை எடுத்துவிட்டு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்துங்கள். கேபினெட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கூலரைக் கழற்றும்போது ஏஎம்4 வைத்திருப்பவர்கள் நிதானமாக இருக்க வேண்டும். இந்தச் சிப்பின் அடியில் 1331 ஊசிகள், எல்லாம் சிப்பிலேயே இருப்பவை. சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட், நாலைந்து வருடப் பழையது என்றால், காய்ந்து கூலரோடு சிப்பை ஒட்டிப் பிடித்திருக்கும். நேராக மேலே இழுத்தால், லீவர் பூட்டியிருக்கும்போதே சிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். அதனால் அணைப்பதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடாக்குங்கள். ஸ்க்ரூக்களைக் குறுக்கு மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள், ஒட்டு விடுவது கையிலேயே தெரியும். அதன் பிறகு தூக்குங்கள். கேபினெட்டைப் படுக்க வைத்துச் செய்தால் போர்டின் பின்பக்கத் தகடு கழன்று விழாமலும் இருக்கும்.

இன்டெல்லின் கூடவே வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் பின்கள். தலையில் உள்ள அம்புக்குறியின் திசையில் திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். ஃபேன் வயரைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டுத் தூக்குங்கள்.

எல்ஜிஏ சாக்கெட்டுகளில், அதாவது இன்டெல்லிலும் ஏஎம்5-இலும், ஊசிகள் போர்டில் இருக்கும். விரல் படக் கூடாது, துணி படக் கூடாது, பேஸ்ட் சொட்டக் கூடாது. போர்டு வாரண்டியில் முதலில் பார்ப்பது இந்த ஊசிகளைத்தான். சிப்பின் மூலையில் ஒரு தங்க முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் அதே குறி. இரண்டையும் பொருத்தி, சிப்பை ஓரத்தைப் பிடித்து அப்படியே விடுங்கள். தன் எடையிலேயே உட்காரும். அழுத்தவே வேண்டாம், அழுத்தத் தோன்றினால் திசை தப்பு. லீவரை மூடும்போது இன்டெல்லில் கொஞ்சம் பலம் தேவைப்படும், கறமுற என்று சத்தமும் வரலாம், பயப்பட வேண்டியதில்லை.

கூலரின் அடியிலிருக்கும் பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, சிப்பின் நடுவில் ஒரு பட்டாணி அளவு புதியதை வைத்துக் கூலரை நேராக இறக்குங்கள். ஃபேன் வயரை 'சிபியு ஃபேன்' என்று போட்ட இடத்தில் மாட்டுங்கள். அடிக்கடி மறந்துபோவது அதுதான்.

முதல் பவர் ஆன்

திரை உடனே வராது. ராமைப் புதிதாகப் பழகிக்கொள்ள போர்டு நேரம் எடுக்கும். ஏஎம்5, டிடிஆர்5 மெஷின்களில் சில நிமிடங்கள்கூட ஆகலாம். தானாக ஒன்றிரண்டு முறை அணைந்து எழும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து பட்டனை அழுத்தாதீர்கள்.

ஏஎம்டியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு செய்தி வரலாம்: புதிய சிபியு போடப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம்மை (பிராசஸருக்குள் இருக்கும் டிபிஎம்) ரீசெட் செய்யவா என்று. 'ஒய்' அழுத்தினால் பழைய சாவிகள் அழிந்து, புதிய சிப்பில் டிபிஎம் புதிதாகத் தொடங்கும். 'என்' அழுத்தினால் பழையது அப்படியே இருக்கும், ஆனால் புதிய சிப்பில் டிபிஎம் இயங்காது. பழைய சிப்பைத் திரும்பப் போட்டால் சாவிகள் மீண்டும் கிடைக்கும். ரெக்கவரி கீ கையில் இருந்தால் தைரியமாக 'ஒய்'. இல்லையென்றால் 'என்' கொடுத்துவிட்டு முதலில் கீயைத் தேடுங்கள்.

விண்டோஸுக்குப் போவதற்கு முன் பயாஸுக்குள் நுழையுங்கள். சிப்பின் பெயர் சரியா, ஃபேன் சுற்றுகிறதா, சூடு நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் போட்டோக்களை எடுத்து எல்லாவற்றையும் பழையபடி வையுங்கள்.

இதையும் மீறி 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை வந்தால் சாட்டா மோடையோ விஎம்டியையோ பாருங்கள், பழைய நிலையில் இருக்காது. டிரைவே இல்லை என்று சொன்னால் சிஎஸ்எம். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'லெகஸி' என்று இருந்த மெஷின் சிஎஸ்எம் இல்லாமல் பூட் ஆகாது. இரண்டுக்கும் ஃபார்மட் தேவையில்லை.

உள்ளே வந்த பிறகு

முதல் முறை 'டிவைஸஸ் ரெடி ஆகின்றன' என்று கொஞ்சம் சுற்றும். வந்ததும் டாஸ்க் மேனேஜரில் பெயர், கோர் எண்ணிக்கை சரிபாருங்கள். சிப்செட் டிரைவரை ஏஎம்டி அல்லது போர்டு சைட்டிலிருந்து புதிதாகப் போட்டு ஒரு ரீஸ்டார்ட். பின் கேட்டு மறுத்தால் பாஸ்வேர்டால் நுழைந்து புதிய பின் வையுங்கள். ஆக்டிவேஷன் போயிருந்தால் ட்ரபிள்ஷூட்டரில் 'சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்' என்ற இணைப்பு இருக்கிறது. ஆஃப் செய்து வைத்த என்கிரிப்ஷனைத் திரும்ப ஆன் செய்து, புதிய ரெக்கவரி கீயைச் சேமியுங்கள். இந்தப் படியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

சூட்டை எச்டபிள்யு இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் பார்க்கலாம். பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஓடும்போது பெரும்பாலான சிப்புகள் 85 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. ரைசன் 7000 வரிசையின் 'எக்ஸ்' மாடல்கள் மட்டும் 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. தொடங்கிய சில விநாடியிலேயே உச்சத்துக்குத் தாவினால் கூலர் ஒரு மூலையில் சரியாக உட்காரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு வேலை இன்னும் குறைவு. உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றின் கெர்னல் எந்த சிப்பிலும் ஓடும். ஒரு தலைமுறையிலிருந்து வேறு தலைமுறைக்குப் போனாலும் மைக்ரோகோட் (சிப்புக்கான திருத்தங்கள்) பேக்கேஜ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கெர்னல் மிகப் பழையதாக இருந்தால் புதிய சிப்பின் உள் கிராஃபிக்ஸ் தெரியாமல் போகலாம், முதலிலேயே அப்டேட் செய்யுங்கள். டிரைவை டிபிஎம் வழியாகத் தானாகத் திறக்கும்படி வைத்திருந்தால் பாஸ்ஃப்ரேஸ் ஞாபகம் இருக்க வேண்டும்.

பழைய பிராசஸரை அன்றே விற்றுவிடாதீர்கள். புதிய சிப்பின் பிளாஸ்டிக் உறையிலேயே ஊசி வளையாமல் வைத்து, இரண்டு வாரம் மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்த பிறகு எஸ்.பி. ரோட்டுக்கு எடுத்துப்போங்கள். கூடவே பழைய கூலரையும் கொடுத்தால் விலை கொஞ்சம் கூடப் பேசலாம்.